அந்தக் கடலுக்குக் கரை இல்லை

எங்கள் பேராசிரியருக்கு, நெஞ்சு படபடத்தால்தான் ஒருவருக்கு உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். காரைக்காலில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வரட்டும் என்று வீட்டில் என் கல்யாணத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆய்வு இதுதான். மெய்நிகர் கருவியைக் கண்ணில் மாட்டினால் கடல் தெரியும். மாட்டியவர் தான் கடலிலேயே இருப்பதாக எவ்வளவு நம்புகிறார் என்று அளக்க வேண்டும். வாயால் கேட்டால் பொய் சொல்வார்களாம், உடம்பு சொல்லாதாம். அதனால் வியர்வையை அளக்க விரலில் ஒரு கிளிப், துடிப்பை அளக்க நெஞ்சில் ஒரு பட்டை. துடிப்பு ஏறினால் கடலில் இருக்கிறார், ஏறாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் ஐயாவின் விஞ்ஞானம்.

விடுதி மாணவர்கள் முதல் அலைக்கே அலறினார்கள். திரையில் துடிப்புக் கோடு எகிறியது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீனவரை நான்தான் அழைத்து வந்தேன். கருவியை மாட்டியதும் கால்களை அகட்டி நின்றார். அலை வந்த பக்கம் உடம்பைச் சாய்த்து, இல்லாத சுக்கானைப் பிடித்துத் திருப்பினார். துடிப்பு அசையவே இல்லை. வலை இழுத்துக் காய்த்துப்போன விரலில் வியர்வையும் பதியவில்லை.

"இந்த ஆளு கடலுக்குள்ளயே போகலப்பா" என்றார் பேராசிரியர், பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டவர் போல. பதிவை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு நான் கருவியைக் கழற்றப் போனேன். மீனவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இருங்க தம்பி. நடுக்கடல்ல படகை விட்டுட்டு எப்படிங்க எறங்குறது? கரைக்குக் கொண்டாந்து விட்டுடுறேன். கரை எந்தப் பக்கம்?"

நாங்கள் செய்த கடலில் கரையே கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் மேதாவிகள் யாருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் சலித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். மீனவர் "ஐயோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பட்டையை அவிழ்த்தபோது அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் கைக்கே தெரிந்தது.

பேராசிரியரிடம் அதைச் சொன்னேன். "பதிவுல இருக்கா? இல்லைல்ல? கணக்குலேருந்து அவரைத் தூக்கிடு. வரைபடம் கெடுது" என்றார். தூக்கிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தூக்கிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கடற்கரை ஊராச்சே. கடலுக்குப் போறவங்க ஒருத்தரையும் வச்சுப் பார்க்கலையா?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"யாரும் கிடைக்கலைங்க சார்" என்றேன்.