இடது கன்னம்

நோர்ஜ்மா அக்கா எப்போதும் வலது கன்னத்தைத்தான் எடுத்துக்கொள்வார். பிள்ளை வெளியூர் கிளம்பும்போது ஒரு கன்னத்தை மட்டும் முகர்ந்து அனுப்புவதும், மற்றதைத் திரும்பி வரும்போது முகர்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற அம்மாக்களுக்கு எது அகப்படுகிறதோ அதுதான் கன்னம். என் அம்மா ஒருமுறை அவசரத்தில் என் தொப்பியின் காதுமடலை முகர்ந்து அனுப்பிவைத்தார். நோர்ஜ்மா அக்கா தாடையைப் பிடிப்பார், முகத்தைத் திருப்புவார், வலது கன்னத்தில் மூக்கை அழுத்தி ஒரே இழுப்பு. பால் தீய்ந்ததா என்று சட்டியை மோந்து பார்ப்பவர் போல இருக்கும்.

அவருக்கு ஒரே மகன், தெல்மென். எங்கள் இரண்டு வீட்டுக் கூடாரங்களும் குளிர்காலத்தில் ஒரே மலையடியில் நிற்கும் என்பதால் நானும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சோத்னோம் மாமாவின் பழைய ருஷ்ய வேன் எங்களைப் பள்ளி விடுதிக்கு ஏற்றிப்போகும். விடுமுறைக்குத் திரும்பி இறங்கினால் அக்கா முந்தானைபோல மடித்த அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வருவார். தெல்மென் வேண்டுமென்றே வலது கன்னத்தை நீட்டுவான்.

"அது எடுத்தாச்சுடா திருட்டுப்பயலே. மத்ததைக் காட்டு."

"நீதான் மறந்துட்டம்மா. போனவாட்டி இடதுதான்."

காதைப் பிடித்துத் திருப்பி இடது கன்னத்தை வசூல் செய்வார்.

ஏன் வலது என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பேன். வருஷத்துக்கு ஒரு பதில் வந்தது. இடது பக்கம் உங்களுக்கெல்லாம் அழுக்கு, என்றார். சூரியன் அந்தப் பக்கம், என்றார். எனக்கு மூக்கே ஒரு பக்கம்தான் வேலை செய்யுது, என்றார். ஒருநாள் பால் கறந்துகொண்டே, கேள்வியில் கவனமில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்: "வலதுன்னு ஒண்ணு வச்சுக்கிட்டா குழப்பமில்ல. யாருக்கு எது பாக்கின்னு நான் எங்க போயி ஞாபகம் வச்சுக்கறது?"

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தவறவே முடியாதபடி ஒரு முறையை வைத்திருந்த அந்த மனுஷி, ஒரே ஒரு தடவை தவறினார். அது தவறுதானா என்பதுதான் என் கேள்வி.

அது இரும்புக் குளிர்காலத்துக்கு அடுத்த வருஷம். பனி விழுந்து, நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்து உருகி, மறுபடி உறைந்து, மேய்ச்சல் முழுவதும் ஒரே கண்ணாடிப் பாளமாகிவிட்ட குளிர்காலம். அடியில் புல் தெரியும். ஆடுகள் அதைப் பார்த்துக்கொண்டே உதடு கிழிந்து நின்றன. வசந்தத்தில் பட்டிக்குப் பின்னால் செத்த ஆடுகளின் தோல்கள் விறகுபோல அடுக்கப்பட்டிருந்தன. தெல்மென் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மந்தைக்கு வந்தவன். இனி அவன் மேய்க்க மந்தை இல்லை. அவனுடைய அப்பா யாதம் மட்டும், மிச்சமிருக்கிற பெட்டைகள் ஈன்றால் மூன்று வருஷத்தில் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடந்த பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாம் தடவையாக அதைச் சொன்னார்.

தெல்மென் தலைநகரில் கட்டட வேலைக்குப் போவதென்று முடிவானது. குளிர்காலக் கடைசியில் வரும் வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு வந்துவிட வேண்டும், அதன்பின் ஈற்றுக் காலம், அப்புறம் போகக்கூடாது. யாதம் அந்த நிபந்தனையோடுதான் சம்மதித்தார். கிளம்பும் காலையில் குதிரை பிடிக்கும் மகனுடைய சுருக்குக்கயிற்றுக் கோலை எடுத்துக் கூடாரத்து வாசலில் சாய்த்துவைத்தார். அது அங்கேயே இருக்கும், வந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். நானும் அதே வேனில், கல்லூரி முதல் வருஷத்துக்குப் போக ஏறி உட்கார்ந்திருந்தேன். என் வலது கன்னம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

அக்கா தெல்மெனின் தாடையைப் பிடித்தார். திருப்பினார். வலது கன்னம். பிறகு கையை எடுக்கவில்லை. மறுபடி திருப்பி இடது கன்னத்தையும் முகர்ந்தார்.

வேன் இருமிக்கொண்டிருந்தது.

"ஏ நோர்ஜ்மா!" என்று சோத்னோம் மாமா ஓட்டுநர் ஜன்னலிலிருந்து கத்தினார். "தூக்கக் கலக்கமா? ரெண்டையும் எடுத்துட்டியே! பையன் எதுக்குத் திரும்பி வருவான்?"

"அம்மா, ஒண்ணைத் திருப்பிக் குடு," என்றான் தெல்மென், கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு. அவன் சிரித்தான். யாதம் சிரிக்கவில்லை.

"அட, கை பழக்கத்துல…" என்றார் அக்கா.

"ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் மாமா. "ஏறுடா. கிணத்தைச் சுத்தி ஒரு வளையம் வந்து நிறுத்தறேன். இறங்கு. ஊருக்குப் போயி வந்த மாதிரி ஆச்சு. அப்புறம் அவ புதுசா ஒண்ணு எடுக்கட்டும், ஒண்ணு மிச்சம் வைக்கட்டும். யாதம், நான் சொல்றது சரிதான?"

யாதம் வேகமாகத் தலையாட்டினார். அப்படியே செய்தோம். மூட்டைகள், ஒரு கட்டிவைத்த செம்மறிக் கிடா, நான், தெல்மென் எல்லாருமாகக் கிணற்றைச் சுற்றி வந்தோம். மாமா ஊர்வலம்போல ஒலிப்பான் அடித்தார். வந்து நின்றதும் தெல்மென் குதித்து இறங்கி, "அம்மா, நகரத்துலேருந்து வந்துட்டேன்! மிட்டாய் வாங்க மறந்துட்டேன்!" என்று கத்தினான்.

அக்கா அங்கே இல்லை. பட்டிக்குப் பின்னால் போய்விட்டார். யாதம் கூப்பிட்டார். மாமா கூப்பிட்டார்.

"சாணி அள்ளிட்டிருக்கேன். கையெல்லாம் அழுக்கு. நீங்க கிளம்புங்க, மழை வருது," என்று குரல் மட்டும் வந்தது.

மழை வரவில்லை. வேன் நகர்ந்தபோது, பயணம் நல்லபடி அமையச் சக்கரங்களுக்குப் பின்னால் கரண்டியால் பால் தெளித்தது என் அம்மாதான்.

தெல்மென் வெள்ளை மாதத்துக்கு வரவில்லை. ஈற்றுக் காலத்துக்கும் வரவில்லை. பழி முழுவதும் அக்காமேல் விழுந்தது. கிணற்றடியில் பார்த்தவர்கள் எல்லாம், "ரெண்டு கன்னத்தையும் மோந்தவளே, பையன் போன் பண்ணானா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அக்காவும் கூடச் சிரித்து, "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்பார். யாதம் மட்டும் அந்தக் கோலை வாசலிலிருந்து எடுக்கவேயில்லை.

கல்லூரியில் எதற்கும் காரணம் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் நல்லதா, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு அது மரியாதையான பெயரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கடைசி வருஷத்துக்கு முந்தைய வசந்த விடுமுறையில், வெள்ளாடுகளுக்கு ரோமம் சீவும் வேலையில் அக்காவுக்கு உதவப் போனேன். ஆட்டின் கொம்பை நான் பிடித்திருந்தேன். அவர் சீப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க தப்பு பண்ற ஆள் இல்ல."

"காலைப் பிடி, உதைக்குது பாரு."

"தெரிஞ்சுதான எடுத்தீங்க, ரெண்டையும்?"

சீப்பிலிருந்து ரோமத்தை உருவிப் பைக்குள் அடைத்தார். அடுத்த இழுப்பு. அதற்கடுத்த இழுப்பு.

"வந்திருந்தான்னா அந்தக் கோலை எடுத்திருப்பான்," என்றார். "அவங்கப்பா எடுக்க வச்சிருப்பாரு. நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன், மூணு வருஷம் பாரு கண்ணுன்னு நானே சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா?"

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"மகனை விரட்டிட்டேன்னு சொல்லணுமா? அந்த மனுசன் தாங்குவாரா? கை தவறிடுச்சுன்னா நாலு பேரு சிரிச்சுட்டுப் போயிடறாங்க." ஆட்டைத் தட்டி விட்டார். "ஆனா சத்தியமா சொல்றேன், அந்த நேரத்துல தெரிஞ்சு பண்ணேனா, பாசத்துல பண்ணேனான்னு எனக்கே தெரியல. நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லேன்."

வேறொன்று கேட்டேன். "அப்ப எனக்கு மட்டும் ஏன் எப்பவும் ஒண்ணு பாக்கி வைக்கிறீங்க? நான் திரும்பி வந்து ஆடு மேய்க்கணுமா?"

"உனக்கு ஆடு மேய்க்கத் தெரியுமா? போன வாரம் உன்னை நம்பி விட்டதுல கிடா மலை ஏறிடுச்சு. உனக்குப் போகத் தெரியும், அதுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். வரத்தான் ஆள் இழுக்கணும்." அடுத்த ஆட்டை இழுத்து என் மடியில் தள்ளினார். "பேசாம பிடி."

அந்த விடுமுறை முடிந்து கிளம்பும்போது வலது கன்னத்தை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் படிப்பு முடியும்வரை நான் ஊருக்கு வரவில்லை; மீதியைச் சோத்னோம் மாமா சொல்லித்தான் தெரியும். அடுத்த குளிர்காலமும் கெட்டது, மிச்சமும் போனது. வசந்தத்தில் மாமாவின் வேனில் தெல்மென் வந்து இறங்கினானாம். கோலை எடுக்க வரவில்லை. நகரத்தின் ஓரத்தில் வேலி அடைத்த ஓரிடத்தில் அவனுக்கு ஒரு கூடாரம் இருந்தது. பெற்றோரைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

"அவ ஓடிவந்தா பாரு," என்றார் மாமா. "தாடையைப் பிடிச்சா. வலது பக்கம் திருப்பினா, இடது பக்கம் திருப்பினா. ரெண்டும் தீர்ந்துபோச்சே! எதை எடுக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறா. அவன்தான் குனிஞ்சு தலையைக் காட்டினான். உச்சியில மோந்தா. யாதம் அந்தக் கோலைத் தூக்கி வேன் மேல கட்டச் சொன்னாரு. நகரத்துல எதைப் பிடிக்கப் போறாருன்னு நான் கேக்கல."

பட்டம் வாங்கிய பிறகு நகரத்தில் ஒரு வேலை கிடைக்கும்போலத்தான் இருந்தது. ஆனால் நான் படித்த அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். ஏன் என்று கேட்டால் என்னிடமும் வருஷத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. வந்த வாரமே மாமாவின் வேனில் மலையடிக்குப் போனேன். எங்கள் கூடாரம் நின்றது. பக்கத்தில், அக்கா வீட்டுக் கூடாரம் நின்ற இடத்தில், புல் முளைக்காத ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் நாய்களும் லாரிகளும் கேட்டன.

"அக்கா, நான் வந்துட்டேன். நீங்க எங்க?"

"ஐயோ, வந்துட்டியா நெஜமாவே? நீ வர மாட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப என் இடது?"

"பாக்கிதான்," என்றார். "இங்க வந்து வாங்கிக்க."

"அது கணக்காகாது அக்கா. அங்க வந்தா நான் போன மாதிரி ஆயிடும், திரும்பி வந்த மாதிரி ஆகாது."

எங்கோ ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"ஆமால்ல," என்றார்.