பேசாத இரண்டு போர்டுகள்

“ஏனுங்க அம்மணி, ஒயர்லெஸ்ஸுன்னீங்க. அப்புறம் எதுக்குங்க இத்தன ஒயரு?”

“இதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போறதுண்ணா. போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுலதான் ஒயர் கிடையாது.”

“அப்ப ரெண்டும் தானா பேசிக்குமா?”

“பேசணும்.”

“பேசலீன்னா?”

“திங்கக்கிழமை ரிவ்யூல நான் பேச்சு வாங்கணும்.”

சரவணமுத்து சிரித்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் லேப் உதவியாளர். அதற்கு முன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் வரை போய், கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காதைத் தொலைத்துவிட்டு வந்தவர். “நான் போட்ட போர்ல முக்காவாசி தண்ணி வராம பொகதானுங்க வந்துச்சு. ஒத்தக் காதுக்காரன ஒயர்லெஸ் லேப்புல போட்டாங்க பாருங்க, அதுதான் கூத்து” என்பார்.

அந்தச் சர்க்கியூட் போர்டுகள் வேறொரு கல்லூரியிலிருந்து இரவலாக ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தவை. ஒன்று அனுப்பும் சிக்னலை மற்றொன்று வாங்க வேண்டும். அதை ரிவ்யூவில் காட்டாவிட்டால் ஆராய்ச்சி மாணவி மோகனப்பிரியாவின் படிப்பு இன்னொரு வருடம் இழுக்கும்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க அவள் கையேட்டை ஆங்கிலத்தில் படித்தாள். போர்டுகளைத் தமிழில் திட்டினாள். விளக்குகள் எரிந்தன. கம்ப்யூட்டரும் இரண்டையும் அடையாளம் கண்டது. திரையில் மட்டும் கோரைப்புல் முளைத்தது போல வெறும் இரைச்சல் கோடுகள். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கேபிளை மாற்றினாள். விடுதி வைஃபை மீது பழி போட்டாள். அவள் சொன்ன பக்கமெல்லாம் சரவணமுத்து மேசையை இழுத்தார்.

மாலையில், வேறு ஆண்டெனா மாட்டிப் பார்க்கலாம் என்று பழையதைக் கழற்றினாள். அது மாட்டியிருந்த துளைக்குள் மஞ்சளாக என்னவோ இறுகிக் கிடந்தது.

“யாருண்ணா இதுக்குள்ள சந்தனம் வெச்சது?”

அவர் நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு பூஜையன்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் தேடி நீட்டினார். படத்தில், ஆண்டெனா மாட்டும் பொன்னிறமான அந்தச் சின்ன வட்டங்கள் பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை போல இருந்தன. அவற்றில் பக்தியோடு சந்தனத்தை அழுத்திக்கொண்டிருந்தது மோகனப்பிரியாவின் விரலேதான்.

“ரெண்டு டிகிரி வாங்கியிருக்கேண்ணா” என்றாள்.

“நானும் பக்கத்துலதானுங்க நின்னேன். போர்க்குழியத் தெறந்து போடக்கூடாதுன்னு பழகுன ஆளு. நீங்க மூடவும் நல்லதுன்னு உட்டுட்டு, அதுக்கு மேலயே ஆண்டெனாவையும் மாட்டிட்டேன்.”

அவர் பையிலிருந்து காது குடையும் பட்ஸ் வந்தது. “காதுக்குன்னு வாங்கினது. அங்க ஒண்ணும் பலிக்கலீங்க.” ஸ்பிரிட்டில் நனைத்து இருவரும் துடைத்தார்கள். ஆண்டெனாவை மாட்டியதும் திரையில் புல்லின் நடுவே சிக்னல் ஒரு முள்ளாக நிமிர்ந்து நின்றது.

திங்களன்று ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. என்ன சிக்கல் வந்தது என்று கேட்டவர்களிடம், “இணைப்பில் சிறு தடை” என்றாள் மோகனப்பிரியா. பின்னால் சரவணமுத்துவுக்கு இருமல் வந்தது.

கேபிளைச் சுருட்டும்போதுதான் அவர் மெதுவாகக் கேட்டார்.

“அடுத்த வருசம் பூசைக்குப் பொட்டு வெக்கற வேலைய எனக்கு உட்ருங்க அம்மணி. நீங்க பொரிகடலைய மட்டும் பாத்துக்கங்க. அதையும் போர்ட உட்டுக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாத்துக்கங்க.”