கம்பளியைத் தேடிய துப்பறிவாளர்

எழுதிப் பழகாதவன் நான். துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில், மலையில் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் திருவிழாவுக்கு ஒருவர் வந்து தனியாளாக நாடகம் போட்டார். அசட்டுத் துப்பறியும் போலீஸ்காரர் வேஷம். குச்சி உடம்பு, தொளதொள காக்கி. எதைக் கண்டாலும் முகர்ந்து பார்ப்பார்.

பாதி நாடகத்தில், கடைசி வரிசையிலிருந்து செல்லம்மாக்கா எழுந்தார்.

"ஏட்டையா, கொடியில கெடந்த எங் கம்பளியக் காணோம். இந்தக் குளிர்ல பிள்ளைகளுக்குப் போத்த வேற இல்ல. கண்டுபிடிச்சுக் குடுங்க."

மேடையில் திரையாகத் தொங்கியது அந்தக் கம்பளிதான். விழாக்காரர்கள் கேட்காமல் எடுத்திருந்தார்கள்.

"கவலப்படாத தாயி" என்றவர், முன்வரிசைக் கங்காணியின் தலைப்பாகையை முகர்ந்தார்.

"பின்னால பாருங்கய்யா!" என்று கத்தினோம்.

"துப்பறியிறவனுக்கு யாரும் வழி சொல்லாதீக!" என்று அதட்டிவிட்டு, அந்தக் கம்பளியிலேயே மூக்கைத் துடைத்தார்.

"யோவ், அதுதான்யா!" என்று அக்கா மேடையேறி அதை உருவினார். திரைக்குப் பின்னால், அடுத்து அவரே போடவிருந்த திருடன் வேஷத்துச் சட்டை தொங்கியது. துப்பறிவாளர் அதை முகர்ந்தார். தன் சட்டையையும் முகர்ந்தார்.

"ரெண்டும் ஒரே வாசன. அப்ப களவாணி நாந்தானா?" என்று தன் கையில் தானே விலங்கு மாட்டிக்கொண்டார்.

கம்பளி எங்கே என்று அவருக்கு முதலிலேயே தெரியுமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் செல்லம்மாக்கா கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டு, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தார்.