என் பேர் இல்லாத வட்டிலப்பம்

கல்முனைக் கடைத்தெருவில் பெரிய மாமாவின் கடையில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பிரிஜ் இருந்தது. ஒரு நாள் பகலில் அதன் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். விடியக் காலையில் எழும்பி, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் அடித்து நான் அவித்த வட்டிலப்பக் கோப்பைகள் உள்ளே அடுக்கியிருந்தன. சாய்ந்தமருதிலிருந்து வந்த, அக்கா வயதுள்ள ஒரு ராத்தா இரண்டு கைகளும் நிறைய எடுத்துக்கொண்டு, "இந்தக் கடை வட்டிலப்பம் மாதிரி வேற எங்கயும் இல்ல" என்றார். மாமா தாடியைத் தடவிக்கொண்டு, "அது எங்கட கைராசி புள்ள" என்றார். கருப்பட்டி காய்ச்சிய மணம் இன்னும் என் அபாயாவை விட்டுப் போகவில்லை. கைராசிக்குரிய கை அவருக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அந்த ராத்தாவோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெரிய மாமா என் உம்மாவின் மூத்த காக்கா, கூடப் பிறந்த அண்ணன். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு மரம்கூட வெட்டப்பட்டதில்லை. என் கணவர் கட்டாரில் வேலை பறிபோய் வெறுங்கையோடு வந்திறங்கியபோது, வட்டிலப்பம் அவித்து விற்கலாம் என்ற யோசனையை நான் முதலில் மாமாவிடம்தான் சொன்னேன். தொழில் தொடங்கும் எல்லோருக்கும் வரும் கேள்விகள் எனக்கும் வந்தன. மூடியுள்ள கோப்பை எங்கே மலிவு, கித்துள் மரத்துக் கருப்பட்டியில் கலப்படம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, இந்த வெயிலில் பழுதாகாமல் நிந்தவூர் வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது, என்ன விலை வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் செய்துபார்த்தும் கற்றுக்கொண்டேன். என்ன பேர் வைப்பது என்ற கேள்வியை மட்டும் மாமா என்னிடம் விடவில்லை. "பொம்புளட பேரப் போட்டு, நம்பரையும் போட்டா, ஊர்ல உள்ள வேலையத்தவனெல்லாம் கோல் எடுப்பான். என்ட கடைப் பேரப் போடு மகள், உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் தைக்கிறார்கள், இடியப்பம் அவிக்கிறார்கள், கேக் அடிக்கிறார்கள். பேர்ப்பலகையில் இருப்பது மகனின் பேர், புருசனின் பேர், இல்லாவிட்டால் ஒரு கடையின் பேர். ருசியையும் உழைப்பையும் கொடுத்துவிட்டு மரியாதை என்ற ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறோம். அதை வைத்து ஒரு கிலோ சீனி வாங்க முடியாது என்று பிறகுதான் தெரிகிறது.

நோன்பு மாதத்தில் விற்பனை ஏறியது. எனக்கும் கொஞ்சம் துணிவு வந்து, கடையின் பேருக்குக் கீழே 'தயாரிப்பு: நஸீஹா' என்று பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொண்டுபோனேன். மாமா திட்டவில்லை. ஒரு கோப்பையை எடுத்தார், பெருவிரல் நகத்தால் என் பேரைச் சுரண்டினார், உருட்டிக் கீழே போட்டார். அடுத்த கோப்பையை எடுத்தார். எனக்கு முன்னாலேயே, வாடிக்கையாளர்களோடு கதைத்துக்கொண்டே, கொண்டுபோன அத்தனையையும் சுரண்டி முடித்தார். வெங்காயம் உரிப்பவரின் முகத்தில்கூட அதைவிட ஏதாவது தெரிந்திருக்கும்.

பெருநாள் முடிந்ததும், "கடையில சாமான் கூடிட்டு மகள், இனிக் கொண்டு வராத" என்று சொல்லிவிட்டார். நான் நம்பினேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறேன், அதே பிரிஜ், அதே கோப்பை, அதே கடைப் பேர். உள்ளே இருந்தது வேறு யாரோ கூலிக்கு அவித்தது. ஒன்று வாங்கித் தின்றுபார்த்தேன். பாதிக்குப் பாதி வெள்ளைச் சீனி, நிறத்துக்கு எதையோ ஊற்றியிருந்தார்கள், முந்திரிக் கஜு பேருக்கு ஒன்று. அதையும் ஊர் வாங்கியது. அந்தப் பேருக்கு நம்பிக்கை தேடிக்கொடுத்தவள் நான் அல்லவா! இதைவிடக் கொடுமை, நான் தனியாகச் செய்துகொண்டு வீடுவீடாகப் போனபோது நடந்தது. மருதமுனையில் ஒரு பெண் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்முனைக் கடையப் பாத்துத்தானே நீங்களும் செய்றீங்க?" என்று கேட்டாள். கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ஓட்டோவில் ஏறி முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபோது எனக்குள் இருந்த மருமகள் செத்துப்போயிருந்தாள்.

பொறுமையால் முன்னேறியதாகச் சொல்கிற தொழில்காரர்கள் இருக்கிறார்கள். நான் கோபத்தால் முன்னேறியவள். பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பேரை என் பேரிலேயே பதிந்தேன். "வீட்டுக் குசினியில அவிக்கிறது, சுத்தமோ என்னமோ" என்று மாமா கடையிலிருந்து கதை பரவியதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நானே கூப்பிட்டுக் குசினியைக் காட்டி, அவர் தந்த சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஸ்டிக்கரே வேண்டாம் என்று, கோப்பையின் வாயை மூடும் தாளிலேயே என் பேரைப் பெரிதாகவும் நம்பரைக் கீழேயும் அச்சடித்தேன். அதைக் கிழிக்காமல் யாராலும் ஒரு கரண்டி தின்ன முடியாது. வேலையத்தவர்கள் கோல் எடுத்தார்கள்தான். போனை என் கணவர் எடுத்து, "எத்தின கோப்ப வேணும் தம்பி?" என்று கேட்டதும் அவர்களில் சிலர் வெட்கத்துக்கு வாங்கவும் செய்தார்கள். பெரியநீலாவணையில் ஒரு டீச்சர், மாமாவின் கடையையே தெரியாதவர், நத்தார்ப் பண்டிகைக்கு என்று போனில் கேட்டு எடுத்தார். என் பேரைச் சொல்லிக் கேட்ட முதல் வாய் அவருடையது. அவர் போனை வைத்த பிறகும் நான் என் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கடைசி மகளுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசினார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாமா தன் கடை வட்டிலப்பத்தையே வைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "கலியாணத்துக்கு நஸீஹா வட்டிலப்பம் எடுப்பமே, எங்கட ஊர்ல எல்லாரும் அதத்தான் எடுக்கிற" என்றாராம். இதை என்னிடம் ஓடிவந்து சொன்னது என் உம்மா. அன்றிரவு எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

மாமா வந்தார். என் வீட்டுக் கதிரையில் நுனியில் உட்கார்ந்தார். சுற்றி வளைத்துக் கடைசியில், "மூடியில ஒண்டும் எழுதாம வெள்ளையாத் தா மகள். என்ட வீட்டு விருந்து, உன்ட விளம்பரமா போயிரும்" என்றார்.

"ஒண்ணா மாமா" என்று மறுத்தேன். "பேரோட எண்டாத் தாறன். இல்லாட்டி உங்கட கடையிலதான் இருக்கே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். நன்றாக, ஆறுதலாக, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். என் உம்மா குசினியிலிருந்து, "கொடுத்திரு புள்ள, மூத்த காக்கா" என்று கண்ணால் கெஞ்சினார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். மாமாவுக்கு வேறு வழி இருக்கவில்லை, பேரோடேயே எடுத்தார்.

பெண்ணின் வாப்பாவே சம்பந்திமாருக்கு இனிப்பைக் கையால் கொடுப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கலியாணத்தன்று மாமா தட்டை ஏந்திக்கொண்டு, என் பேரை ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து குனிந்து வைத்தார். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் வாப்பா மூடியை வாசித்துவிட்டு, "இந்த நஸீஹா ஆரு, உங்கட ஊர்தானே?" என்று கேட்டார். மாமா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "என்ட தங்கச்சிட மகள்தான். தொழில் பழக்கி, பேர் வெச்சி விட்டதெல்லாம் நான்தான்" என்றார்.

திரையைக் கிழித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் திரும்பினால், மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய சகோதரிமாரும் கோப்பையும் கையுமாக என்னைச் சுற்றி நிற்கிறார்கள். விருந்துக்கு எதை எங்கே எடுப்பது என்று முடிவு செய்வது திரைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து சொன்னேன். நகத்தால் சுரண்டியதையும் விடவில்லை. மணப்பெண் அங்கேயே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. பாவம்தான். அதற்காக நான் நிறுத்தவில்லை.

இப்போது தொழில் தொடங்கும் பெண்களுக்கு வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். பேரை முதலில் பதியுங்கள், உங்கள் பேரிலேயே பதியுங்கள், இலாபம் தராத கடைக்குச் சரக்குப் போடாதீர்கள் என்று சொல்கிறேன். மாமாவின் பிரிஜில் இப்போது தண்ணீர்ப் போத்தல்கள்தான் இருக்கின்றன. போன வருடம் ஆள் அனுப்பி, என் பேரோடேயே என் கோப்பைகளை வைக்கலாம் என்று கேட்டார். பதில் அனுப்பவில்லை. அவருடைய கடைக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கடை இருக்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே போடுவதில் ஓட்டோச் செலவுகூட மிஞ்சுவதில்லை, விட்டுவிடு என்று என் கணவர் ஓயாமல் சொல்கிறார். அவர் சொல்வது சரி. மற்றக் கடைகளுக்கெல்லாம் ஆள் வைத்து அனுப்புகிறேன். அந்தக் கடைக்கு மட்டும் நானே போகிறேன்.