யாரும் வெளியே போக முடியாத குரூப்

வில்லியனூர்க் கடைவீதியில் உள்ள அந்த உரக்கடையில் மெயின் சுவிட்சுக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் பக்கவாட்டில் சிவப்புக் கைப்பிடி. அதன்மேல் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் பழையதைத் துடைத்துப் புதிதாக வைப்பவர் அண்ணி. காலையில் கடை திறந்ததும் கைப்பிடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே தூக்குவார்கள். சாயங்காலம் கற்பூரம் காட்டி, அதைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள். கரண்ட்டை நிறுத்தாமல் கடை சாத்துவது அந்தக் குடும்பத்தில் பாவத்தில் சேர்ந்தது. நான் அந்தக் கடைக்கென்று தனியாக ஒரு சாட் சர்வர் வைத்துக் கொடுத்தவள். சர்வர் என்றால் குரூப்பில் போடும் பேச்சையெல்லாம் வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டர், ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டியது. என் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி என்று நான் சொல்வது கடை முதலாளியின் மனைவியை. எனக்கு உறவில்லை. கடை ஆட்கள், எதிர்க்கடைக்காரர், பால்காரர் எல்லாருக்குமே அவர் அண்ணிதான். அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கணவரின் தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். தாயில்லாத பிள்ளை. நாளெல்லாம் அண்ணி, அண்ணி என்று பின்னாலேயே சுற்றியதில் தெருவுக்கே அது பெயராகிவிட்டது. அந்தத் தம்பி வளர்ந்து பாகூரில் இன்னொரு கடையைப் பார்த்துக்கொண்டார். ஊரில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். இரண்டு கடைக்கும் ஒரே பெயர், ஒரே லைசென்ஸ், ஒரே லோடு.

சண்டை வந்தது சொத்தினால் அல்ல. பாகூர்க் கடைக்குப் போன பெரியவர், கரும்புக்காரர் ஒருவர் முன்னால், "அவனுக்கு இன்னா தெரியும், நான் சொல்றேன் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். சின்னவர் அந்த இடத்தில் வாயே திறக்கவில்லை. மறுநாள் போனில் குடும்பக் குரூப்பை விட்டு வெளியேறினார். வாயால் சண்டை போட்டிருந்தால் நாலு சுவருக்குள் போயிருக்கும். அவர் வெளியேறிய செய்தியோ, சொந்தபந்தம் எல்லாருடைய போனிலும் ஒரு வரியாக வந்து நின்றது. அன்றைக்கு முழுக்க அண்ணிக்குப் போன். "இன்னாடி, கொழுந்தன் வெளிய போய்ட்டானாமே, பாகம் பிரிக்கிறீங்களா?" கேட்டவர்கள் எல்லாம் வருத்தப்பட்டுத்தான் கேட்டார்கள் என்று நாம் நம்புவோம்.

அதற்கு அடுத்த நாள்தான் அண்ணி என் கடைக்கு வந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மண்ணாடிப்பட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். அவர்கள் கடையின் பில் மெஷினும் கேமராவும் என் பொறுப்பு. வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யாரும் வெளிய போக முடியாத குரூப் ஒண்ணு வேணும். போட முடியுமாடி உன்னால?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் நானும் நிறுத்திக்கொண்டேன். ஊரே பேசும் போன் ஆப்பில் அது முடியாது, நமக்கென்று சொந்தமாகச் சர்வர் வைத்தால் சட்டம் நம்முடையது என்றேன். "சொந்தமா வச்சிக்கலாமா, அது போதும்" என்றார். முன்பு பில் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று கோடவுனில் தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, புது டிஸ்க் போட்டு, காசில்லாமல் கிடைக்கும் சாட் சர்வர் ஒன்றை ஏற்றி, கல்லாவுக்கு அடியில் உட்கார வைத்தேன். வெளியிலிருந்து போன்கள் அதைத் தேடி வருவதற்கு ரவுட்டரில் வழி திறந்தேன். மூன்றே கணக்குகள்: பெரியவர், சின்னவர், அண்ணி. ஒரே ஒரு அறை, அதற்குப் பெயர் 'கடை'. போன் ஆப்பில் இருக்கும் வெளியேறும் பொத்தானை எடுக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, யாருடைய போன் சர்வரோடு சேர்ந்தாலும் அவரைத் தானாகவே அறைக்குள் கொண்டுவந்து விடும்படி அமைத்தேன். கோபத்தில் வெளியே போகலாம். அடுத்த முறை போன் சர்வரோடு சேரும்போது உள்ளே இருப்பார்கள். இரண்டு கடைக்கும் ஸ்டாக் தெரிய வேண்டும் என்று சொல்லி, அண்ணியே பாகூருக்குப் போய் சின்னவர் போனில் அதை ஏற்ற வைத்தார்.

முதல் வாரமே மெயின் சுவிட்சோடு எனக்கு மல்லுக்கட்டு. ஷட்டர் இறங்கினால் சர்வர் செத்துவிடும். பாகூர்க் கடை சீக்கிரம் திறப்பதால், வில்லியனூரில் கைப்பிடி தூக்கும் வரை சின்னவர் போனில் ஒன்றும் போகாது. சர்வருக்கு மட்டும் தனி லைன் இழுக்கிறேன் என்று பெரியவரிடம் கேட்டேன். "மெயினை இறக்காம கடை சாத்தறதா? உள்ள இன்னா சரக்கு கீதுனு தெரியுமா உனுக்கு? எங்கப்பா காலத்திலேர்ந்து இல்லாத பழக்கம்மா" என்றார். விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. சின்னவர் சில நாள் சாயங்காலம் அறையை விட்டு வெளியேறுவார். காலையில் பெரியவர் கைப்பிடியைக் கும்பிட்டுத் தூக்குவார். சர்வர் எழுந்ததும் மூன்று போன்களும் தாமாக வந்து சேரும். 'பெரியவர் உள்ளே வந்தார். அண்ணி உள்ளே வந்தார். சின்னவர் உள்ளே வந்தார்.' தம்பியைத் தினமும் வீட்டுக்குள் கொண்டுவருவது தன் கைதான் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மத்தியானம் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். பெரியவர் கல்லாவில் போனும் கையுமாக இருந்தார். மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த அண்ணி, தன் போனை என்னிடம் நீட்டினார். 'அண்ணி, அங்க டிஏபி இருக்கானு கேளுங்க' என்று சின்னவர். 'இருக்குனு சொல்லு. வண்டி அனுப்பச் சொல்லு' என்று பெரியவர். 'எப்ப அனுப்பணும்னு கேளுங்க அண்ணி.' 'சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லு.' நம் வீடுகளில் பேச்சு நின்றுபோனவர்கள் ஒரே கூடத்தில் நின்றுகொண்டு, நடுவில் இருப்பவரிடம் "அவர்கிட்ட சொல்லு" என்று சொல்வார்களே, அதை அப்படியே என் சர்வருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். "நான் ஒரு எழுத்துக்கூட தட்டலடி" என்றார் அண்ணி. வியாபாரம்தான் நடக்கிறதே என்று சமாதானம் சொன்னேன்.

"வியாபாரம் நடக்குது. நான் இருக்கிற வரைக்கும் நடக்கும். அப்புறம் யார்கிட்ட சொல்லச் சொல்வாங்க?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "என்னை அதுலேர்ந்து எடுத்துடு" என்றார்.

"யாரும் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க?"

"அவங்களுக்குச் சொன்னேன்."

எனக்கு மனதே வரவில்லை. மூன்று பேரில் அந்த அறையை ஆசைப்பட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் சொன்னால் சொன்னதுதான். பெரியவர் சாப்பிடப் போன நேரத்தில் கல்லாவுக்கு அடியில் குனிந்து, அறையின் பட்டியலில் இருந்து அண்ணியின் பெயரை எடுத்தேன். மறுநாள் காலை கைப்பிடி தூக்கியபோது இரண்டு பேர் மட்டும் உள்ளே வந்தார்கள்.

பிறகு நடந்ததை அண்ணியே எனக்குச் சொன்னார். சின்னவர் வழக்கம்போல 'அண்ணி, பொட்டாஷ் இருக்கானு கேளுங்க' என்று போட்டிருக்கிறார். பெரியவர் அதைப் படித்திருக்கிறார். தன்னைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போன் போட்டு, "அவன் இன்னாவோ கேக்கிறான் பாரு" என்றாராம். "எனுக்கு வரல. என் போன்ல அது வேலை செய்யல" என்று சொல்லிவிட்டு அண்ணி குழம்பைக் கிளறப் போய்விட்டார். சின்னவர் போன் போட்டாலும் அதே பதில். வில்லியனூரில் பொட்டாஷ் வைத்துக்கொண்டே, பாகூரில் வந்து நின்ற ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணி என் கடைக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். தப்பு பண்ணிவிட்டேனா என்று கேட்டார். திரும்பச் சேர்த்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

சில நாள் கழித்து, யாருக்கு என்று இல்லாமல் அறையில் ஒரு கேள்வி வந்தது. 'யூரியா இருக்கா.' யாரும் சொல்லாதது மாதிரி ஒரு பதிலும் வந்தது. 'இருக்கு.' அப்படியே மாதக்கணக்கில் மொட்டைமொட்டையாக ஓட்டினார்கள். ஐப்பசி மழையில் பாகூர் ஏரி நிரம்பி, தண்ணீர் ஊருக்குள் புகுந்த அன்று சாயங்காலம்தான் சின்னவர் போட்டார்: 'அண்ணா, கோடவுன்ல தண்ணி ஏறுது.' பெரியவர் பதில் போடவில்லை. கடை ஆட்களைக் கூட்டிக்கொண்டு லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். விடிய விடிய அண்ணனும் தம்பியும் முழங்கால் தண்ணீரில் மூட்டை மாற்றினார்களாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு அதுகூட முக்கியமாக இல்லை. மறுநாள் போனில் என்னைக் கூப்பிட்டு, "மெயினைக்கூட இறக்காம ஓடியிருக்கார்டி மனுஷன். ஷட்டரை நான் போயி இழுத்தேன். நானும் மெயினை இறக்கல, கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்கு அப்புறமும் அவர் அந்த அறைக்குத் திரும்பவில்லை. கேட்டால், "அவங்க பேசட்டும், நடுவுல நான் எதுக்கு" என்பார். போன தை மாதம் அண்ணி இறந்துபோனார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அவர் வாடிக்கையாளர்தான். இருந்தாலும் அந்த ஸ்டூலை நான் இன்னும் நகர்த்தவில்லை.

காரியம் முடிந்து கடை திறந்த பிறகு, டிஸ்க் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். சின்னவரும் வந்திருந்தார். கைப்பிடியில் அண்ணி வைத்த பொட்டு காய்ந்து, பாதி உதிர்ந்திருந்தது. துடைக்க யாருக்கும் மனமில்லை போல. டிஸ்க்கை மாற்றிவிட்டு, மெயினை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எழுந்தபோது சின்னவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணி பேரைத் திரும்ப அதுல போட முடியுமா? இப்பதான் நாங்க பேசிக்கிறமே. இனிமே அவங்க இருந்தா இன்னா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். "போட்டுடும்மா" என்றார்.

போட்டேன். பெரியவர் கைப்பிடியை இறக்கினார். மின்விசிறி ஓய்ந்து கடை இருட்டானது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் தூக்கினார். சர்வர் எழுந்து, திரையில் வரிகள் வந்தன. 'பெரியவர் உள்ளே வந்தார். சின்னவர் உள்ளே வந்தார்.' மூன்றாவது பெயர் பட்டியலில் இருந்தது. அதன் பக்கத்தில், ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரியவில்லை. அப்புறம், எதிரில் நின்ற அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல், சின்னவர் போனில் தட்டினார்: 'அண்ணா, கடை தொறந்தாச்சுனு அண்ணிகிட்ட சொல்லுங்க.'

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் போட்டார்.

'சொல்லிட்டேன்டா.'