எங்கள் குழுவில் ஆளுக்கொரு வெட்டு

வெளிநாட்டில் நூறு பேர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய மண்டபத்தில் வயலின் வாசிப்பார்களே, அவர்கள் என்ன வாசிப்பது என்பதை ஒரு வருடத்துக்கு முன்பே கூடிப் பேசி முடிவெடுப்பார்களாம். எங்கள் மாஸ்டர் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், எங்கள் இசைக்குழுவின் கீபோர்ட்காரர். நான் டோலக். பள்ளிக்கூடமும் நானும் இரண்டாம் வகுப்பிலேயே சலாம் சொல்லிப் பிரிந்துவிட்டோம். தட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு?

"நாமளும் அப்பிடித்தானே செய்யிற, மாஸ்டர்," என்றேன். "அவனுகள் கோட்டோட இரிக்கானுகள், நாம சாரனோட இரிக்கம். வேற என்ன வித்தியாசம்?"

"நீ வாசிக்கிறதக் கேட்டா அவனுகள் கோட்டக் கழட்டி உண்ட வாய்க்குள்ள வச்சிருவானுகள்," என்றார் மாஸ்டர்.

அறுவடை முடிந்தால் எங்கள் சீசன். நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கலியாணமும் விருந்தும் வரும். அதற்கு முன் ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, மாஸ்டரின் கடைக்குப் பின்னால் பாய் விரித்து, எந்தெந்தப் பாட்டு என்று பேசுவோம். அதற்கும் சட்டங்கள் உண்டு. முதல் பாட்டு நபியவர்களின் புகழ். அடுத்தது ஆறுதலானது, ஏனென்றால் முன்வரிசையில் ஹாஜிமார் இருப்பார்கள். அவர்கள் எழும்பிப் போன பிறகே குத்துப் பாட்டு. அழுகைப் பாட்டைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். அழுத சனம் நன்றாகச் சாப்பிடும், சமையல்காரனுக்கும் நல்ல பெயர் கிடைக்கும்.

இதெல்லாம் போக, ஆளுக்கொரு வெட்டு உண்டு. சீசனுக்கு ஒரு பாட்டை வேண்டாம் என்று எவரும் தள்ளலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. நான் எப்போதும் வேகமான பாட்டாகப் பார்த்து வெட்டுவேன். தோள்பட்டை நோகும், அவ்வளவுதான் காரணம். ஆனால் பெரிய இசை ஞானத்தில் வெட்டுகிறவன் போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

எங்கள் பாட்டுக்காரர் சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவர். அண்ணன் முறையில் எல்லோருக்கும் அவர் காக்கா. சுனாமியில் அவருடைய சின்ன மகள் போய்விட்டாள். அடக்குவதற்கு மையித்தும் கிடைக்கவில்லை. பிறகு மாஸ்டர் அந்தப் பிள்ளையை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். கடலிடம் ஒரு வாப்பா தன் பிள்ளையைத் திருப்பிக் கேட்கிற பாட்டு. காக்கா பாடினார். அன்றிலிருந்து ஊர்ச்சனம் கூப்பிடுவது அந்தப் பாட்டைத்தான். நாங்கள் அதைச் சுமந்துகொண்டு போகிற, மூட்டை தூக்கும் நாட்டாமைகள்.

இந்தமுறை காக்காவின் முறை வந்ததும் அவர் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் கடல் பாட்ட வெட்டுறன்."

ஆறிப்போயிருந்த பிளேன்டியை நான் ஊதிக் குடித்தேன்.

"காக்கா, அது இல்லாட்டி நம்மள ஆரு கூப்பிடப் போறாங்க?" என்றார் மாஸ்டர். "வரிப்பத்தான்சேனப் போடியார் அதுக்குத்தானே நம்மளச் சொல்லியிரிக்கார். என்னத்துக்கு வெட்டுறீங்க?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். காக்கா கோபப்படவில்லை.

"முந்திப் பாடக்குள்ள புள்ளட மொகம் வரும், மாஸ்டர். பல்லு விழுந்த வாயோட சிரிக்கும். இப்ப மைக்கு இரையுதா எண்டுதான் பாக்கிறன். போன சீசன்ல பாடிக்கிட்டு நிக்கக்குள்ள சோத்து மணம் வந்திச்சு. நெய்ச்சோறா புரியாணியா எண்டு யோசிச்சன். சனம் அழுகுது, நான் சோத்த நினைச்சிக்கிட்டு நிக்கிறன். வீட்ட போய்ப் படுத்தாலும் மொகம் வருதில்ல. பாட்டுத்தான் வருகுது. எனக்கிட்ட ஒரு போட்டோவும் இல்ல, எல்லாத்தையும் கடல் எடுத்திட்டு. இன்னும் ஒரு சீசன் பாடினா மிச்சம் ஒண்டும் இரிக்காது."

ஆள் மவுத்தாகி அழுகிற வீட்டில்கூட வாய் சும்மா இருக்காத ஆள் நான். அன்று குடித்து முடித்த கோப்பையையே மறுபடி ஊதிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பாட்டு எழுதியிருந்த தாளில் ஒரு கோடு போட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கோடு எதன்மேல் விழுந்தது என்று தெரிந்தது.

போடியார் பெரிய வயற்காரர்; அவர் வீட்டில் பேரனின் சுன்னத்துக் கலியாணம். நியாயப்படி அன்று அழ உரிமையுள்ளவன் பேரன் ஒருவன்தான். ஆனால் ஊரே அழ வந்திருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் போடியார் முன்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

"மாஸ்டர், கடல் பாட்டு எங்க?"

"காக்காக்குத் தொண்ட சரியில்ல, போடியார்."

"இவ்வளவு நேரமும் குயில் மாதிரிப் பாடினாரே! நம்மட வீட்டுக்குப் பாட ஏலாதாமா?"

விசில் பறந்தது. காக்கா மைக்கைப் பிடித்தபடி நின்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் என்னிடமிருந்த மிக வேகமான தாளத்தைப் போட்டேன். தோள் கழன்றுவிடும் போல அடித்தேன். ஒரு காலும் ஆடவில்லை. கொட்டாவி விட்டவர்கள் இருந்தார்கள்.

அப்போது திரைக்குப் பின்னால், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்தப் பாட்டைத் தொடங்கியது. இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு ஆண்கள். ஒரு வரியும் பிசகவில்லை. போன் வெளிச்சங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீபோர்டும் இல்லாமல் டோலக்கும் இல்லாமல், கண்ணீர் வடியப் பாடினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பாடினார்கள்.

காக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கினார்.

நான் தேடிப் போனபோது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலையை இயந்திரத்தோடு ஒட்டுகிற மாதிரிச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தார். டீசல் புகை முகத்தில் அடித்தது. அந்த இரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லை. பந்தலுக்குள் எல்லாருடைய வாயும் அசைவது மட்டும் தெரிந்தது.

நானும் குந்தினேன். அவர் காதுக்குள் கத்தினேன்.

"காக்கா, மொகம் வருகுதா?"

"கதைக்காம இரி," என்றார், கண்ணைத் திறக்காமல்.