பாயில் உட்கார்ந்தவர்கள் மட்டும் இருமினார்கள்

குளியலறைக் கதவை எத்தனை மணிக்குச் சாத்தினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் கேட்டார். கணவர் கேட்டார். நாலே முக்கால் என்று ஒரு சமயம் தோன்றும், ஐந்தேகால் என்று இன்னொரு சமயம் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரைமணி நேரம் என் மூன்று வயது மகளின் நெஞ்சுக்குள் போனதா, போகவில்லையா என்பதுதான் கேள்வி.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சேலையூர்ப் பக்கம் உள்ள எங்கள் சபைக் குடும்பங்கள் மாதம் ஒரு வீடாக முறை வைத்துக் கூடுவோம். பாய் விரித்து உட்கார்ந்து பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், கடைசியில் சுண்டலும் காபியும். வருகிறவர்கள் யாராவது கட்டாயம் பாத்ரூம் போவார்கள். எங்கள் பாத்ரூமிலோ போர் தண்ணீரின் உப்பு படிந்து, குழாய்க்குக் கீழே டைல்ஸ் முழுக்க மஞ்சள் கறை. போன மாதம் கூட்டம் நடந்த வீட்டின் பாத்ரூமை நான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருந்தது.

மதியமே கறைமேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மழைக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட வாங்கியதில் மீதி இருந்தது. தண்ணீர் தெளித்து, குழைத்து, ஊறவிட்டேன். நாலு மணிக்குப் போய்த் தேய்த்தேன். பாதிக் கறை போயிருந்தது. பாதி அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் தெருவில் மூன்று சக்கர வண்டிக்காரர் வந்தார். பினாயில், சோப் ஆயில், ஆசிட் என்று ஸ்பீக்கரில் கத்திக்கொண்டே வருவார். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் ஊற்றி வைத்திருப்பார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட் அருகே போனேன்.

"இன்னாக்கா, உப்புக் கறையா? இத்த ஊத்து, சும்மா பளபளன்னு ஆயிடும்."

"டைல்ஸ் கெட்டுப்போகாதா?"

"டைல்ஸு கெடாதுக்கா. கையிலதான் படக்கூடாது. கொயந்த கைக்கு எட்டாம வச்சுக்கோ, அத்த பாத்துக்கோ."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கையில் படக்கூடாது, குழந்தைக்கு எட்டக்கூடாது. நான் இரண்டையும் அப்படியே செய்தேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். பாட்டிலை மேல் அலமாரியில் வைத்துத்தான் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே என்ன தூவியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆசிட் வாங்கியதை அத்தையிடமும் சொல்லவில்லை. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. இந்த வீட்டைக் கட்டும்போது ஒவ்வொரு டைல்ஸையும் கடையில் நின்று பொறுக்கியவர். ஆசிட் ஊற்றினால் இடுக்கில் உள்ள சிமெண்ட் அரித்துவிடும் என்று நான் வந்த புதிதிலேயே சொல்லிவிட்டார். அவர் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். நான் ஓசையில்லாமல் ஊற்றினேன்.

நுரைத்தது. நுரைத்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தேன். மகள் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, பப்பிள்ஸ்!" என்றாள். நான் நின்றுகொண்டிருந்தேன், அவள் தரையோடு இருந்தாள். என் மூக்கில் சுருக்கென்று ஏறியது. நீச்சல் குளத்து வாசனை, அதைவிடப் பல மடங்கு. கண் எரிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் ஊறட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவில்லை. போட்டால் வாசனை சமையலறை ஜன்னல் பக்கம்தான் போகும், அத்தைக்குத் தெரிந்துவிடும்.

இதில் எனக்கே புரியாத ஒன்று உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவள். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வரும் என்று சமன்பாடு எழுதி, சரி குறி வாங்கியிருக்கிறேன். குளோரின் காற்றைவிடக் கனமானது என்பதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பிளீச்சிங் பவுடர் விடைத்தாளில் இருந்தது, இது மளிகைக் கடைக் கவரில் இருந்தது. இரண்டும் ஒன்று என்று என் தலைக்குள் யாரும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு வழக்கம்போல அத்தை எல்லா ஜன்னலையும் மூடினார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அந்த நேரத்துக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கூட்டத்துக்கு முன் ஆசிட்டைக் கழுவிவிடலாம் என்றிருந்தேன், ஹாலில் பாய் விரிக்கும் அவசரத்தில் விட்டுப்போனது. குளியலறைக் கதவு ஹாலுக்குத்தான் திறக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

ஆறு மணிக்கு வந்தார்கள், எட்டுப் பேர். பாஸ்டரம்மா வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் எங்கள் சபையில் உண்டு, எல்லாருக்கும் ஆன்ட்டி. முழங்கால் வலி என்பதால் அவர் மட்டும் நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் பாயில். மகள் பாயின் ஓரத்தில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு முடிவதற்குள் ஒருவர் இருமினார். பிறகு இன்னொருவர். பாஸ்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சீசன் சரியில்ல" என்றார்.

"ஆமா, எங்க வீட்லயும் எல்லாருக்கும் தொண்டைக்கட்டு" என்றார் ஒருவர்.

"பாடினா சரியாயிடும், பாடுங்க!" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. அவள் இருமல் வேறு மாதிரி இருந்தது. வறண்டு, விடாமல். ஆன்ட்டி நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்னம்மா வாசனை? ஒரு மாதிரியா இருக்கே?"

"பினாயில் ஆன்ட்டி" என்றேன்.

அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று கேட்டால், பொய் என்று தோன்றவில்லை என்பதுதான் பதில். பாத்ரூம் கழுவியதற்கு ஒரு பெயர் வேண்டும், பினாயில் என்பது எல்லாருக்கும் வசதியான பெயர். அத்தை பக்கத்தில் இருந்தார்.

மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். வெந்நீர் கொடுத்தேன். குடிக்க முடியாமல் துப்பினாள். அத்தை குனிந்து என் காதருகே, "சளிதான். தைலம் தேய்ச்சு விட்டா போயிடும். ஜெபம் முடியட்டும்" என்றார். சளியாகவும் இருக்கலாம். முந்தின வாரம் அவளுக்குச் சளி இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தபோது ஒரு வேளை மறந்துவிட்டேன். அதனால் திரும்ப வந்திருக்கலாம். அல்லது காலையில் சாப்பிட்ட தயிர். என் மனம் வரிசையாகக் காரணங்களை எடுத்து வைத்தது. சரியான காரணத்தை மட்டும் தொடாமல் அதைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது.

பாஸ்டரம்மா என் மகளைப் பார்த்து, "பிள்ளைக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மகளின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்தது. சுற்றிப் பார்த்தேன். கண்ணை மூடியபடி பாயில் இருப்பவர்கள் எல்லாரும் துப்பட்டாவையோ முந்தானையையோ வாயில் வைத்துக்கொண்டு அடக்கி அடக்கி இருமினார்கள். நாற்காலியில் இருந்த ஆன்ட்டி ஒருவர்தான் ஒருமுறைகூட இருமவில்லை. பாய், நாற்காலி. தரை, மேலே. அப்போதுதான் விடைத்தாள் ஞாபகம் வந்தது.

"ஆன்ட்டி, அது பினாயில் இல்ல."

ஜெபத்துக்கு நடுவில் பேசினேன். பாஸ்டரம்மா நிறுத்தினார். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

"பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். கறை போகலைன்னு அதுமேலயே ஆசிட் ஊத்திட்டேன்."

அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆன்ட்டி முழங்கால் வலியை மறந்து எழுந்தார்.

"எல்லாரும் எழுந்திருங்க, வெளிய போங்க. கீழ இல்ல, மொட்டை மாடிக்கு. அது தாழத்தான் நிக்கும். சுண்டலெல்லாம் அப்புறம். பாத்ரூம் கதவை யாரும் தொறக்காதீங்க! தண்ணி ஊத்தறேன் பேர்வழின்னு யாரும் உள்ள போக வேண்டாம். போறப்ப ஹால் ஜன்னலை மட்டும் தொறந்துட்டுப் போங்க."

"கொசு வரும்" என்று அத்தை வாய் தவறிச் சொன்னார்.

"வரட்டும்" என்றார் ஆன்ட்டி.

மாடியில் ஆன்ட்டி மகளின் சட்டையைக் கழற்றி, கண்ணையும் முகத்தையும் தண்ணீரால் கழுவினார். நான் மோர் கொடுக்கலாமா என்றேன். சோடா உப்பு கரைத்துக் கொடுத்தால் அமிலம் சமமாகிவிடுமே என்றும் கேட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"உன் படிப்பைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை. போனது வயித்துக்கு இல்ல, நெஞ்சுக்கு. ஒண்ணும் கொடுக்காத. ஆட்டோ கூப்பிடு."

கணவருக்கு போன் செய்தேன். சிறுசேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மேடவாக்கத்தில் தண்ணி லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுகொண்டிருந்தது. "என்ன ஊத்தின? ஏன் ஊத்தின?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். மகளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள். டாக்டர் கேள்வி கேட்டார். எவ்வளவு பவுடர்? ஒரு கைப்பிடி. எவ்வளவு ஆசிட்? கால் பாட்டில், இல்லை, அரை பாட்டில். குழந்தை எவ்வளவு நேரம் அருகில் இருந்தாள்? முதலில் ஒரு நிமிடம். பிறகு ஹாலில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வதை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"நீங்க சொன்னதுக்கே தேங்க்ஸ். பல பேர் சொல்லவே மாட்டாங்க, நாங்க ஆஸ்துமான்னு நினைச்சு வைத்தியம் பாத்துட்டிருப்போம். நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயே இருக்கட்டும். இதுல நெஞ்சுல நீர் கோக்கறது சில சமயம் பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்."

"இனிமே ஏதாவது நிரந்தரமா...?"

"பெரும்பாலும் சரியாயிடும். ஆனா முன்னாடியே வீசிங் வர்ற உடம்பா, இதால வந்ததான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

காலையில் நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றார். ஒரு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஆன்ட்டி வந்து பாத்தாங்க, வாசனை போயிடுச்சு. கறையும் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். அது என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு மார்கழியில் மகளுக்கு இருமல் வந்தது. மார்கழியில் எல்லாக் குழந்தைக்கும் வரும். தை மாதம் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் டாக்டர் "இது சாதாரண இருமல்" என்பார். நான் "அதனாலயா?" என்பேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பார். அவள் தூங்கும்போது கழுத்துக் குழியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குழி சும்மா இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கப் போனேன். படிவத்தில் ஒரு கட்டம்: சுவாசக் கோளாறு உண்டா, ஆம், இல்லை. நிரப்பிக் கொடுத்தேன். மிஸ் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், ஆம்லயும் டிக் போட்டிருக்கீங்க, இல்லைலயும் போட்டிருக்கீங்க."

நடந்ததைச் சொன்னேன். மிஸ் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"இருங்க. எங்க ஆயாம்மா டாய்லெட்டுக்கு ரெண்டையும்தான் போடறாங்க. காலைல பவுடர், சாயங்காலம் ஆசிட். நடுவுல கழுவிடுவாங்கன்னு நினைக்கிறேன். நல்லாக் கழுவிட்டா ஒண்ணும் ஆகாதா?"

எவ்வளவு கழுவினால் போதும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எட்டு மாதமாக என் மகளின் நெஞ்சைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரியல மிஸ். ரெண்டுல ஒண்ணு போதும்னு சொல்லிடுங்க. இன்னொண்ண ஸ்கூல்லயே வைக்க வேண்டாம். பசங்க தரைலதானே உட்காருவாங்க?"

மிஸ் எழுந்து வராந்தாவுக்குப் போய், "ஆயாம்மா, ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டார். திரும்பி வந்து படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதுல ஏதாவது ஒண்ண அடிச்சிருங்க மேடம். கம்ப்யூட்டர் ரெண்டையும் எடுக்காது."

பேனாவை வாங்கி, இல்லை என்பதைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். அடித்ததும் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: "ஒரு முறை குளோரின் சுவாசித்தாள். இருமினால் அம்மாவுக்கு உடனே போன் செய்யவும்." வெளியே வராந்தாவில் ஆயாம்மா, "அதெல்லாம் நான் பாத்துப் பாத்துத்தான் போடறேன் மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.